தலைக்கு முதலில், உள்ளங்கைக்கு அடுத்து: புதிதாக வண்டி ஓட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அறை தாம்பரத்தில், அலுவலகம் கிண்டியில். இதுவரை மின்சார ரயிலில் போய்வந்தேன். இப்போது பின்னிரவில் முடியும் ஷிப்ட் கிடைத்திருப்பதால் 125 சிசி வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஊர்ச் சாலைகளில் ஓட்டிய பழக்கம் உண்டு, ஜி.எஸ்.டி. சாலை புதிது. பாதுகாப்பு உடைகளுக்கென்று 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர், 10,000 ரூபாய்க்கு நல்ல ஜாக்கெட் வாங்கிவிட்டு மிச்சப் பணத்துக்கு ஹெல்மெட் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், சென்னை வெயிலில் ஜாக்கெட் போடவே முடியாது, ஹெல்மெட் மட்டும் போதும் என்கிறார். நான் எதை முதலில் வாங்குவது?
- வாசகர், மேற்குத் தாம்பரம்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் வழியாகக் கிண்டிக்குப் போகும் சாலையில் பகல் நெரிசலில் 30 கிலோமீட்டர் வேகத்திலும், நள்ளிரவில் சாலை காலியாக இருக்கும்போது அதைவிட வேகமாகவும் ஓட்டுவீர்கள். 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் வண்டி சறுக்கும்போது தரையில் முதலில் உரசுபவை உள்ளங்கை, முழங்கால், முழங்கை, இடுப்பின் பக்கவாட்டு, கணுக்கால் ஆகியவை. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தலையில் படும் அடி. ஆகவே பணத்தை முதலில் ஹெல்மெட்டுக்கும், அடுத்துக் கையுறைக்கும், பிறகு காலணிக்கும், அதன் பிறகு ஜாக்கெட்டுக்கும் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. எதை வாங்கினாலும், மே மாத மதியம் இரண்டு மணிக்கு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் இதை நான் அணிவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அணிய மாட்டேன் என்று தோன்றினால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அறையின் ஆணியில்தான் தொங்கும்.

ஹெல்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவதால் விபத்தில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதமும் குறைவதாகக் கணக்கிட்டது. வேறெந்த உடையைப் பற்றியும் இவ்வளவு உறுதியாகப் பேசச் சான்று இல்லை.

வாங்குவது முழுமுக ஹெல்மெட்டாகவே இருக்கட்டும். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுகளில் பதிந்த அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் இருந்தது. சட்டி போல உச்சந்தலையை மட்டும் மூடும் ஹெல்மெட்டில் அந்த இடத்தைக் காக்க எதுவுமே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் பிளாட்பாரக் கடைகளில் போலி முத்திரையுடன் கிடைக்கத்தான் செய்கிறது. உண்மையான முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் தயாரிப்பாளரின் பெயரும் உரிமத்தின் நிலையும் தெரியும். கடையில் நின்றபடியே இதைச் செய்துபாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

முத்திரையைவிட அதிகமாக மக்கள் கோட்டைவிடுவது அளவில்தான். தையற்காரரின் இஞ்ச் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் ஹெல்மெட்டின் உள்ளே 580 மி.மீ. என்று அச்சிட்டிருப்பதை முதலில் போட்டுப்பாருங்கள். சரியான அளவு என்றால் கன்னம் உள்ளே தள்ளப்பட்டு, பேசும்போது உட்கன்னம் பல்லில் லேசாக உரசும். ஹெல்மெட்டைக் கையால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகரும். பட்டையை மாட்டியபின், பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டப் பாருங்கள். கழன்று முன்னால் வந்துவிட்டால் அந்த அளவு உங்களுக்கு உதவாது. கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாமல் பதினைந்து நிமிடம் அதைப் போட்டுக்கொண்டே நில்லுங்கள். நெற்றியின் நடுவில் ஒரே புள்ளியில் வலி கிளம்பினால் அதன் வடிவம் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். ஓர் அளவு பெரியதை வாங்குவதற்குப் பதிலாக வேறு மாடலைக் கேளுங்கள். கன்னப் பஞ்சு சில வாரங்களில் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். ஆகவே புதிதில் தளர்வாக இருப்பது பின்னால் இன்னும் தளர்ந்துதான் போகும். தாடைப்பட்டைக்கும் தொண்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் போதும். பட்டையைப் போடாமல் ஓட்டினால், விழும்போது தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் தனியாகப் பறந்துவிடும்.

முன்கண்ணாடி நிறமற்றதாகவே இருக்கட்டும். பின்னிரவில் வீடு திரும்புகிறவருக்குக் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. வெயிலுக்கு வேண்டுமானால் உள்ளே இறக்கிக்கொள்ளும் குளிர்கண்ணாடி உள்ள மாடலை வாங்கலாம். உள்துணியைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சென்னை வியர்வையில் இரண்டே வாரத்தில் நாற்றம் வந்துவிட்ட ஹெல்மெட்டைத் தலையில் மாட்ட யாருக்கும் மனம் வராது. பருத்தித் தலையுறை இரண்டை வாங்கிவைத்து மாற்றி மாற்றி அணிந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அடுத்தது கையுறை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலை, மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. சாலையில் கிடந்த ஈரமான இரும்புத் தகட்டின் மேல் முன்சக்கரம் ஏறியதும் வண்டி அப்படியே இடப்பக்கம் படுத்துவிட்டது. வேகம் 25 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. ஹெல்மெட் இருந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விழுகிற மனிதன் கையைத்தான் முதலில் ஊன்றுகிறான். மூளை யோசிக்கும் முன்பே கை போய்விடுகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டிய மேட்டில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து சிறு கற்கள் உள்ளே பதிந்திருந்தன. செவிலியர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தபோது பட்ட வலியைவிட, அதன் பிறகு மூன்று வாரங்கள் சட்டைப் பொத்தானைப் போடவும், சாதம் பிசையத் தட்டைப் பிடித்துக்கொள்ளவும் பிறரை எதிர்பார்த்து இருந்ததுதான் பெரிய வேதனை. ஆகவே கையுறை வாங்கும்போது விரல்முட்டியின் மேலுள்ள பளபளப்பான பிளாஸ்டிக் கவசத்தை மட்டும் பார்க்காமல் கையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்திருக்க வேண்டும்; மணிக்கட்டை ஒட்டிய அந்த மேட்டில் தரையில் வழுக்கிச் செல்லும் கெட்டியான தகடு இருந்தால் இன்னும் நல்லது. மேற்புறம் வலைத்துணியாக இருந்தால் வெயிலுக்கும் தாங்கும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிய பிறகு விரல் நுனிகளைப் பிடித்து இழுங்கள். கழன்று வந்தால் அதை வாங்க வேண்டாம். ஐரோப்பியத் தரமான ஈ.என். 13594 குறிக்கப்பட்ட கையுறைகள் இப்போது இந்தியத் தயாரிப்பாளர்களிடமிருந்தே கிடைக்கின்றன.

காலணிக்குச் சுருக்கமான விடை: கணுக்கால் எலும்பை மூடும் உயரமும், முறுக்கினால் எளிதில் வளையாத அடிப்பாகமும், வெளியே தொங்காத கயிறும் இருக்க வேண்டும். செருப்போடு ஒருநாளும் ஓட்டாதீர்கள்.

இனி ஜாக்கெட். வெயிலைப் பற்றி உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வது கற்பனை இல்லை. பல்லாவரம் சிக்னலில் வண்டி நிற்கும்போது எந்த ஜாக்கெட்டிலும் புழுங்கத்தான் செய்யும். ஆனால் உடலின் முன்பக்கமும் கைகளும் வலைத்துணியாலான மெஷ் ஜாக்கெட்டில், வண்டி நகர்ந்த மறுகணமே காற்று ஊடுருவி வியர்வையை உலர்த்திவிடும். தோள், முழங்கை, வெளிப்புற இடுப்பு ஆகிய உரசும் இடங்களில் மட்டும் தடித்த துணி இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இதைத்தான் அணிய முடியும். மழைக்கான உள்ளுறையோடு சேர்த்துத் தைத்த கனமான சுற்றுலா ஜாக்கெட், தினமும் அலுவலகம் போய்வருகிறவருக்கு ஏற்றதன்று.

ஜாக்கெட்டின் உள்ளே இருக்கும் கவசத் தகடுகளை அவசியம் வெளியே எடுத்துப் பாருங்கள். ஈ.என். 1621-1 என்று அச்சிட்டிருந்தால் அவை தோள், முழங்கை, முழங்காலுக்கானவை. அடியின் விசையில் உடலுக்குள் கடத்தப்படுவது முதல் நிலைத் தகட்டில் சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. இரண்டாம் நிலையில் 20ஐத் தாண்டக்கூடாது. அதே தகட்டில் T என்ற ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்திருந்தால், 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று பொருள். நம் ஊருக்கு அந்தக் குறி மிகவும் வேண்டியது. பல ஜாக்கெட்டுகளில் முதுகுப்புறத்து உட்பையில் வெறும் ஸ்பாஞ்சுதான் வைத்திருப்பார்கள். அது அடியைத் தாங்காது, ஈ.என். 1621-2 குறியுள்ள முதுகுத் தகட்டைத் தனியாக வாங்கி அதில் செருகுங்கள். ஜாக்கெட்டிலேயே, உடைக்கான ஈ.என். 17092 தரத்தில் பி வகுப்பு என்று குறித்திருந்தால் அதில் தகடே இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; ஏ வகுப்பில் தகடு இருக்கும்.

சாதாரணப் பருத்தி ஜீன்ஸ் தார்ச்சாலையின் உரசலை அதிக நேரம் தாங்காது. நைலான், பாலியஸ்டர் விளையாட்டு உடைகள் உரசும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அலுவலகப் பேன்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ளக்கூடிய முழங்கால் கவசம் இப்போதைக்குப் போதும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இரவில் திரும்புவதால் சொல்கிறேன். நியூசிலாந்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளியைத் திருப்பியனுப்பும் உடையோ பளிச்சிடும் உடையோ அணிந்தவர்கள் காயம்படும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவாகவும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவாகவும் இருந்தது. கறுப்பு அழகுதான், ஆனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஜாக்கெட்டின் முதுகில் ஒளிப்பட்டை இருந்தாலும் மடிக்கணினிப் பை அதை முழுவதுமாக மறைத்துவிடும். ஆகவே பையின் மேலும் ஒரு பட்டையைத் தைத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குள், மேற்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள மழை உடை ஒன்றையும் வாங்கிவிடுங்கள். போர்வை போல மேலே போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டு காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும்.

உங்கள் 12,000 ரூபாயை நான் செலவிடுவதாக இருந்தால், ஹெல்மெட்டுக்கு 3,500, கையுறைக்கு 1,500, காலணிக்கு 2,500 வைத்துக்கொண்டு, மீதியை முழங்கால் கவசத்துக்கும் எளிய மெஷ் ஜாக்கெட்டுக்கும் ஒதுக்குவேன். ஜாக்கெட்டுக்குப் பணம் போதாவிட்டால் இரண்டு மாதம் பொறுத்து வாங்குங்கள். அதற்காக ஹெல்மெட்டில் குறைக்காதீர்கள்.

கேள்வி: என் தம்பி புதிய ஹெல்மெட் வாங்கிவிட்டதால் தன்னுடைய பழையதை எனக்குத் தருகிறான். ஒருமுறை வண்டியோடு விழுந்திருக்கிறான். ஆனால் ஹெல்மெட்டின் வெளியே ஒரு கீறல் மட்டுமே இருக்கிறது. பயன்படுத்தலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். அடியை வாங்கிக்கொள்வது வெளி ஓட்டின் உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் போன்ற அடுக்கு. அது ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது. வெளியே பார்த்தால் நசுங்கியதும் தெரியாது. விழாத ஹெல்மெட்டையும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் ஓடு பலவீனமாகும். சோப்பு நீர் போதும்.

கேள்வி: ஐயா, நான் ஸ்கூட்டரில் பள்ளிக்கு வேலைக்குப் போகும் ஆசிரியை. மூன்று வயது மகனையும் வழியில் மழலையர் பள்ளியில் விட்டுச் செல்கிறேன். சுடிதார்தான் அணிவேன். தலையில் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்கார மறுக்கிறது. என் மாமியார் கணவரின் பைக்கில் புடவையோடு அமர்ந்து வருவார். எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?
- வாசகி, மதுரை

பதில்: மகனிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்றால், குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் கட்டாயம். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டை, குழந்தை அணியும் மேலுடையும் ஓட்டுபவரின் தோளில் மாட்டும் வார்களும் சேர்ந்தது. 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் குழந்தையை நிற்கவைத்து ஓட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் குழந்தையின் முகம் நேராகக் கைப்பிடியில் மோதும். பின்னாலிருந்து உங்கள் உடலின் எடையும் அவன் மேல் சாயும். பெரியவர்களின் ஹெல்மெட்டை அவன் தலையில் கவிழ்க்கவும் வேண்டாம். அதன் கனத்தைச் சிறு கழுத்து தாங்காது.

துப்பட்டாவின் இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய் முடிந்துகொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முடிச்சு காற்றில் அவிழ்வதை நான் பலமுறை சாலையில் பார்த்து, பக்கத்தில் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். கழுத்தைச் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். வண்டியை நிறுத்தக்கூட அவகாசம் இருக்காது. ஆகவே கிளம்பும் முன் துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, முன்புறம் ஜிப் உள்ள மேலங்கி ஒன்றை அணிந்துகொள்ளுங்கள். பள்ளியில் இறங்கியதும் துப்பட்டாவைப் போட்டுக்கொள்ளலாம். கொண்டைக்குப் பதில் கழுத்தை ஒட்டித் தாழ்வாகப் பின்னிய சடை ஹெல்மெட்டோடு ஒத்துப்போகும். பூவையும் பள்ளிக்குப் போனபின் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் மல்லிகைச் சரம் இருந்தால் அந்த உயரத்துக்கு ஹெல்மெட் மேலே தூக்கி நிற்கும்.

மாமியார் அமரும் பைக்கில் பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் சாரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி, பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவற்றோடு அதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிடுவோர் உண்டு. கழற்றியிருந்தால் மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காரட்டும். பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு. வயதானவர்கள் முதலில் மறுப்பார்கள். எடை குறைந்ததாகப் பார்த்து, கடைக்கு அவரையே அழைத்துப்போய், அவருக்குப் பிடித்த நிறத்தில் வாங்கிக்கொடுங்கள். என் தாயாரை அப்படித்தான் இணங்கவைத்தேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை, இரவெல்லாம் தெருவில்தான் நிற்கிறது. பக்கத்துத் தெருவில் இரண்டு பைக்குகள் காணாமல்போய்விட்டன. எந்தப் பூட்டு வாங்குவது?
- வாசகர், உறையூர், திருச்சி

பதில்: வண்டியோடு வரும் சைடு லாக்கை மட்டும் நம்பாதீர்கள், கைப்பிடியைப் பலமாக ஒருபுறம் திருப்பி அதை உடைத்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு இரண்டு பூட்டு, அதுவும் வெவ்வேறு வகையாக இருந்தால், திருடவருபவருக்கு நேரமும் கருவியும் கூடுதலாகத் தேவைப்படும். அவர் பெரும்பாலும் அடுத்த வண்டியைப் பார்த்துப் போய்விடுவார். தெருவில் இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு முதலில் தேவை கெட்டியான சங்கிலி. அதை வண்டியின் சட்டம் வழியாகவோ பின்சக்கரத்தின் வழியாகவோ நுழைத்து, வீட்டு ஜன்னல் கம்பியோடோ சுவரில் பதித்த வளையத்தோடோ பூட்டுங்கள். வண்டியை மட்டும் சுற்றிப் பூட்டினால் இரண்டு பேர் அப்படியே தூக்கி வேனில் ஏற்றிவிடலாம். சங்கிலி தரையில் கிடக்கக்கூடாது. தரையில் ஊன்றி வெட்டுவது அறுப்பவருக்கு எளிது. ஆகவே தொய்வில்லாமல் உயரத்தில் இருக்கும்படி கட்டுங்கள்.

இரண்டாவதாக முன்சக்கரத்துக்கு டிஸ்க் லாக், அதாவது பிரேக் தட்டின் துளையில் மாட்டும் பூட்டு. அலாரம் உள்ளதாக வாங்கினால், நீங்கள் தூங்கும் அறைக்குக் கேட்கும் தூரத்தில் வண்டி நின்றால்தான் அதற்குப் பயன். டிஸ்க் லாக்கைப் போட்டதை மறந்து காலையில் வண்டியை நகர்த்தி, பிரேக் காலிப்பரை உடைத்துக்கொண்டு விழுந்தவர்கள் பலர். பூட்டிலிருந்து கைப்பிடி வரை மாட்டும் பளிச்சென்ற நினைவூட்டுக் கம்பியைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் டிஸ்க் துளையில் அந்தப் பூட்டின் ஊசி நுழைகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். எல்லாப் பூட்டும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. டிஸ்க் இல்லாத டிரம் பிரேக் வண்டி என்றால் பிரேக் பிடியையும் கைப்பிடியையும் சேர்த்துக் கவ்வும் பூட்டு கிடைக்கிறது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்கும் சேர்த்த பாலிசி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் வண்டியின் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும்; ஒன்றைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் இழப்பீடு தாமதமாகும், சில சமயம் மறுக்கவும்படும். ஆர்.சி. புத்தகத்தின் அசலை வண்டியின் பெட்டிக்குள் வைக்காதீர்கள். டிஜிலாக்கரில் உள்ள மின்பிரதி சோதனையின்போது செல்லும். என்ஜின் எண், சேஸிஸ் எண், வண்டியின் நான்கு பக்கப் படங்கள், அதில் உள்ள கீறல், ஸ்டிக்கர் போன்ற அடையாளங்கள் ஆகியவற்றை உங்கள் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் சேமித்துவையுங்கள். காலையில் எழுந்து வண்டியைக் காணவில்லை என்றால் முதலில் காவல் நிலையத்துக்கும், அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும். அந்த நேரத்தில் கை நடுங்கும், எண்கள் நினைவுக்கு வராது.